சிகாகோவில் குறுந்தொகை

இராமானுஜன் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் இருவர் தோன்றுவர். ஒருவர், திருவள்ளூருக்கு அணித்தாகிய ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, வைணவத்துக்கு விளக்கமும் வீறும் தந்த ஆசாரியர். மற்றொருவர், 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய கணித மேதை. இவ்விருவர் வரலாறும் நீங்கள் பாடப் புத்தகங்களிற் கற்றதே. மூன்றாவது இராமானுஜன் ஒருவர் உளர். அவரைப் பற்றித்தான் நான் இன்று சொல்லப் புகுகின்றேன்.

ஏ. கே. இராமானுஜன் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1993-இல் அங்கேயே மறைந்த கவிஞர் அவர். ஆங்கிலத்திற் பாடினார்; கன்னடத்திற் பாடினார்; தமிழ்ச் சங்கப் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து உலகோர் கையில் தந்தார். முதல் இராமானுசர் தாம் பெற்ற மறைபொருளைத் திருக்கோட்டியூரில் ஊரறியச் சொன்னார் என்பது வழிவழி வரும் செய்தி. இந்த இராமானுஜனும் ஏறத்தாழ அத்தகைய தொண்டொன்றையே செய்தார். புலவர் சிலர் மட்டும் அறிந்திருந்த அகப்பாட்டை, தமிழ் ஓரெழுத்தும் அறியாத மாந்தரும் படித்துக் கண்கலங்கும்படி செய்தார்.

அமெரிக்கக் கவிஞர் ஒருவரைப் பற்றித் திருவள்ளூர் மாவட்டத்து மாணவர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நான் ஆசிரியத் தொழில் புரிவது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த பகுதியில். வடக்கே சிறிது தொலைவு சென்றால் ஆரம்பாக்கம். அதற்கப்பால் ஆந்திர நாடு. எங்கள் ஊர்களிற் பல வீடுகளில் அடுப்பங்கரை மொழி தெலுங்கு. தெருவின் மொழி தமிழ். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் மொழி ஆங்கிலம். இரும்பாலைகளிலும் உருக்காலைகளிலும் பணிபுரிய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் தம் மொழிகளையும் உடன் கொணர்ந்துள்ளனர். அவர்தம் பிள்ளைகள் சிலர் நம் பள்ளிகளில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர். இப்பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: “ஐயா, ஆங்கிலம் ஒன்றிருந்தால் போதாதா? வீட்டில் பேசும் மொழியால் என்ன பயன்?” சிலர் இவ்வினாவை வாய்விட்டுக் கேட்பதில்லை, வீட்டு மொழியைப் பிறர் முன் பேச நாணி, மௌனத்தால் கேட்கின்றனர். இவ்வினாவுக்கு நான் சொல்லும் எந்த விடையினும் இராமானுஜனின் வாழ்க்கை சிறந்த விடை.

அவர் பிறந்தது மைசூரில், 1929-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள். தமிழ் பேசும் வைணவக் குடும்பம். தந்தையார் ஆத்திப்பட்டு ஆசூரி கிருஷ்ணசுவாமி மைசூர்ப் பல்கலைக் கழகத்திற் கணிதப் பேராசிரியர். அவ்வீட்டில் மொழிகள் மாடிப்படியால் பிரிந்திருந்தன. கீழ்த்தளத்திலே, அடுப்பங்கரையிலே, தாயும் பாட்டியும் பேசியது தமிழ். மேல்மாடியில் தந்தையின் படிப்பறையில் ஆட்சி செய்தது ஆங்கிலம். வடமொழியும் அங்கே குடியிருந்தது. வாயிலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். ஆக, சிறுவன் இராமானுஜன் மாடியேறி இறங்குந்தோறும் மொழி மாற்றினான். வாயிலைக் கடக்குந்தோறும் மீண்டும் மாற்றினான். இதனை அவர் பிற்காலத்தில் ஒரு சுமையாகச் சொன்னாரல்லர். தம் சிந்தனைக்கு வாய்த்த முதற் பள்ளி என்றே கருதினார்.

தந்தையாரும் ஒரு விந்தை மனிதர். வானநூல் வல்ல அவர், சோதிடமும் வல்லவர். வானநூல் அறிஞரைக் காணும் அதே ஆர்வத்தோடு சோதிடரையும் கண்டு பேசுவார். அறிவியலை நம்பிய இளைஞனான மகனுக்கு இது பெரிய முரண்பாடாகத் தோன்றிற்று. தந்தைக்கோ அதில் முரண்பாடே தெரியவில்லை. இந்தப் புதிரை நெஞ்சில் வைத்திருந்த இராமானுஜன், பல்லாண்டு கழித்து, ‘இந்தியச் சிந்தனை முறை என ஒன்று உண்டா?’ என்று வினவும் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப விதி மாறும் என்று கருதும் மனப்பாங்கை அதில் ஆராய்ந்தார். வீட்டில் எழுந்த ஐயம் ஒன்று உலக அரங்கில் விவாதிக்கப்படும் கட்டுரையாக முதிர்ந்தது காண்க.

கல்லூரியில் முதலில் அறிவியலே பயின்றார். மகனுக்குக் கணித மனம் இல்லை என்று கண்ட தந்தையார், தாமே பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று ஆங்கில இலக்கியப் பிரிவுக்கு மாற்றினார் என்பர். நம் நாட்டில் தந்தையர் இலக்கியத்திலிருந்து கணிதத்துக்கு இழுப்பதே வழக்கம்; இங்கே நிகழ்ந்தது மறுதலை. அவர் பயின்ற மைசூர் மகாராஜா கல்லூரிக்கு நம் மாவட்டத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. திருத்தணியிற் பிறந்து, பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை தத்துவம் கற்பித்தது மைசூரிலேதான்.

பட்டம் பெற்றபின் இராமானுஜன் கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிந்தார். கை நிறைய ஊர்கள். காது நிறைய மொழிகள். கற்பித்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் பழமொழிகளையும் நாட்டுக் கதைகளையும் சேகரித்தார். 1955-இல் வெளிவந்த அவருடைய தொடக்க கால நூல் ஒன்று கன்னடப் பழமொழிகளைப் பற்றியது. பேரறிஞர் ஒருவரின் எழுத்துப் பணி, பாட்டிமார் வாய்மொழியிலிருந்து தொடங்கிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

மதுரையில் வாழ்ந்த காலம் வீணாகவில்லை. வையையாற்றைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை இந்தியக் கல்லூரிகள் பலவற்றிற் பாடமாயிருந்து வந்துள்ளது. அதன் பொருளை மட்டும் சொல்கின்றேன். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கின்றது. மணல் திட்டுகள் விலாவெலும்புபோல் தெரிகின்றன. மதகுக் கம்பிகளிற் குப்பை சிக்கிக் கிடக்கின்றது. அதைப் பார்ப்பாரும் பாடுவாரும் இல்லை. புலவர்கள் பாடியதெல்லாம் வெள்ளத்தை. பழம்புலவர் பாடியதையே புதிய புலவரும் திருப்பிப் பாடுகின்றனர். அந்த வெள்ளத்தில் சிற்றூர் வீடுகள் போயின, மாடுகள் போயின, இரட்டைக் குழந்தைகளைக் கருவுற்றிருந்த ஒரு பெண்ணும் போனாள். அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரியும் பாடவில்லை. இவ்வளவே செய்தி. கவிஞர் கண்ணீர் விடவில்லை, கடிந்தும் பேசவில்லை. செய்தித்தாளில் வரும் நடையிலே சொல்லிவிட்டு ஒதுங்கிக் கொள்கின்றார். படிக்கும் நாமோ ஒதுங்க முடிவதில்லை.

கொசத்தலையாறும் ஆரணியாறும் பாயும் நம் மாவட்டத்து மாணவர்களுக்கு இக்கவிதையின் உண்மையை விளக்க வேண்டுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறுகள் இவை. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் அவை எப்படிப் புரண்டு வந்தன என்பதை உங்கள் வீட்டார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளத்தின் அழகைப் பாடுவது எளிது. வெள்ளம் கொண்டுபோன ஓர் உயிரைக் கணக்கில் எடுப்பதே கவிஞன் கடமை என்பதை இராமானுஜன் அந்த வையைக் கவிதையிற் காட்டினார்.

1959-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். அங்கே கன்னட இலக்கணத்தை மொழியியல் முறையில் ஆராய்ந்து 1963-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே, 1962-இல், சிகாகோப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்துவிட்டார். தமிழ் கற்பிக்கும் பொறுப்பும் அவர்பால் வந்தது. ஆனால் அவர் அறிந்த தமிழோ வீட்டுத் தமிழ்; பழந்தமிழ் இலக்கியம் அவர் முறையாகக் கற்றதன்று.

அவ்வாண்டு ஒரு சனிக்கிழமை பழந்தமிழ் இலக்கணம் ஏதேனும் கிடைக்குமா என்று தேடிப் பல்கலைக் கழக நூலகத்தின் நிலவறைக்கு இறங்கினார். தேடிய நூலுக்குப் பதிலாக வேறொரு நூல் கையில் அகப்பட்டது. அது மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு. புத்தக அடுக்குகளுக்கிடையே தரையில் அமர்ந்து புரட்டத் தொடங்கினார். பழந்தமிழாயினும் பொருள் மெல்ல மெல்லத் திறந்தது. தம் வீட்டுச் செல்வம் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்து வந்திருக்க, அதனை அறியாத உரிமையாளராகத் தாம் முப்பத்து மூன்று வயது வரை வாழ்ந்துவிட்டதை அன்று உணர்ந்தார். காணாமற்போன கழுதையைத் தேடிச் சென்றவன் அரசுரிமையைக் கண்டெடுத்த விவிலியக் கதையை நினைவூட்டி, இந்நிகழ்ச்சியை அவரே பின்னாளில் எழுதியிருக்கின்றார்.

இந்த ஒரு நிகழ்ச்சியின் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு நிற்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். குறுந்தொகையைப் பாடியவர் இருநூற்றுக்கு மேற்பட்ட புலவர்கள். நாலடி முதல் எட்டடி வரை அமைந்த நானூறு பாடல்களைத் தொகுத்தவர், ஓலையிற் பெயர்த்துப் பெயர்த்து எழுதிக் காத்தவர் எண்ணற்றோர். 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் அதை முதன்முதல் அச்சேற்றினார். தள்ளாத எண்பத்திரண்டாம் வயதில் ஐயரவர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கி உரையெழுதிப் பதிப்பித்தார். அப்பதிப்பை யாரோ ஒருவர் கடல் கடந்து அனுப்பினார். யாரோ ஒருவர் அதனை நூலகத்தில் வைத்தார். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்தச் சனிக்கிழமை வெறுஞ் சனிக்கிழமையாகவே கழிந்திருக்கும். தமிழ் படிக்காத ஊரில் தமிழ் நூல் ஒன்று காத்திருந்து தன் வாசகரைப் பிடித்துக்கொண்டது.

ஐந்தாண்டு உழைப்பின் பயனாக 1967-இல் ‘அகநிலக் காட்சி’ என்று பொருள்படும் பெயரோடு குறுந்தொகை மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1985-இல் அகமும் புறமும் சேர்ந்த பெருந்தொகுதி ஒன்றும் வந்தது. மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் வைத்தல் என்று நினைப்பார் உளர். அது ஏன் இயலாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றேன். “நேற்று மழையில் நனைந்து வந்த மாணவன் எழுதிய கடிதம்” என்று தமிழிற் சொல்கின்றோம். இதில் தலைமைச் சொல்லாகிய ‘கடிதம்’ இறுதியில் நிற்கின்றது. ஆங்கிலத்தில் இதையே சொன்னால் ‘கடிதம்’ முதலில் வரும். பிறகு எழுதியது, மாணவன், வந்தது, நனைந்தது, மழை என்று சென்று, ‘நேற்று’ கடைசியில் நிற்கும். தமிழ்த் தொடரைக் கண்ணாடியிற் பார்த்தாற்போல ஆங்கிலம் தலைமாறிக் கிடக்கின்றது. தமிழ்ப் பாட்டிலோ, பொருளை அடிதோறும் தேக்கி வைத்து, இறுதிச் சொல்லில் மடை திறப்பது புலவர் வழக்கம். சொல் வரிசை மாறினால் மடை தொடக்கத்திலேயே திறந்து, பாட்டு வறண்டுவிடும்.

இராமானுஜன் இதற்கு ஒரு வழி கண்டார். அடிகளைத் துண்டுகளாக்கினார், சிலவற்றை உள்ளடக்கி, சிலவற்றைத் தள்ளி, படிப்படியாகத் தாளில் அமைத்தார். காதால் உணர வேண்டிய தமிழ் அமைப்பைக் கண்ணால் உணரும்படி செய்தார். படிப்பவர் கண் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நின்று இறங்க, முடிவான பொருள் உரிய இடத்தில் வந்து நிற்கின்றது. ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்னும் மரபுக் குறிப்புகளையும் அவர் விடவில்லை. ‘அவள் சொன்னது’, ‘அவள் தோழி சொன்னது’ என்று எளிய தலைப்புகளாக்கினார். பாட்டுக்குப் பின்னே ஒரு நாடகம் இருக்கின்றது, இது அதில் ஒருவர் பேச்சு என்பது வேற்று நாட்டாருக்கும் விளங்கிற்று.

இதனினும் அரிய பணி ஒன்று உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணை மரபை அவர் நூலின் பின்னுரையில் விளக்கினார். தமிழ்ப் புலவனுக்கு மலையும் காடும் வயலும் கடலும் வெறும் காட்சிகளல்ல, மனத்தின் நிலைகள். மலையைச் சொன்னால் புணர்ச்சி. காட்டைச் சொன்னால் காத்திருத்தல். வயலைச் சொன்னால் ஊடல். கடற்கரையைச் சொன்னால் இரங்கல். பாலையைச் சொன்னால் பிரிவு. தாமரையை மேயும் எருமையைப் புலவன் பாடினால், அது எருமையைப் பற்றியது மட்டுமன்று. பரத்தையிற் பிரிந்த தலைவனைப் பற்றியது. இதனை உள்ளுறை என்று தொல்காப்பியம் பெயரிட்டுச் சொல்லும். அவ்விளக்கத்தால் அன்னியர் இக்குறியீட்டு மொழியைக் கற்றுக்கொண்டார்கள்; அதன்பின் பாடல்கள் தாமே பேசின.

செம்மண்ணில் வீழ்ந்த மழைநீர்போல் இரு நெஞ்சங்கள் கலந்தமையைச் சொல்லும் குறுந்தொகை நாற்பதாம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அந்த உவமையாலேயே அதன் ஆசிரியர் செம்புலப் பெயனீரார் எனப் பெயர் பெற்றார். இராமானுஜன் மொழிபெயர்த்த அப்பாடல் இலண்டன் மாநகரில் நிலத்தடி ரயில்களிலே பயணிகள் படிக்க ஒட்டப்பட்டது. விக்ரம் சந்திரா என்னும் எழுத்தாளர் 1995-இல் வெளியிட்ட ஆங்கில நாவலுக்கு அம்மொழிபெயர்ப்பின் சொற்களையே பெயராக வைத்தார். பெயர்கூடத் தெரியாத ஒரு தமிழ்ப் புலவனின் உவமை இவ்வளவு தொலைவு சென்றது.

மொழிபெயர்ப்பாளராக மட்டும் அவரை மதித்தால் பாதியை விட்டவராவோம். அவருடைய முதல் ஆங்கிலக் கவிதைத் தொகுதி 1966-இல் வந்தது. நீர்ப்பரப்பின்மேல் மெல்லிய கால்களை ஊன்றி மூழ்காமல் நிற்கும் சிறு பூச்சி ஒன்றே அந்நூலுக்குப் பெயர் தந்தது. 1971-இல் ‘உறவுகள்’ என்னும் பொருளுடைய தொகுதியும், 1986-இல் மற்றொரு தொகுதியும் வந்தன. பாட்டி, தந்தை, தாய், தமக்கை, பழைய பெருவீடு, பாம்பாட்டி, ஈமக்கடன் ஆகியனவே அவர் பொருள்கள். சொற்கள் எண்ணி வைத்தாற்போலிருக்கும். உணர்ச்சியை உரக்கச் சொல்லுதல் இல்லை. தலைவனின் குறையைத் தலைவி நேரே சொல்லாமல் வயலையும் நண்டையும் சொல்லி உணர்த்தும் சங்க நெறி, சிகாகோவில் எழுதப்பட்ட ஆங்கிலக் கவிதைக்குள் புகுந்துவிட்டது என்பது என் கருத்து. இடையிடையே கன்னடத்திலும் கவிதை எழுதி 1969, 1977, 1990 ஆகிய ஆண்டுகளில் தொகுதிகள் வெளியிட்டார்.

கன்னட வீரசைவ அடியார்களாகிய பசவண்ணர், தேவர தாசிமய்யர், அக்கமகாதேவி, அல்லமப் பிரபு ஆகியோரின் வசனங்களை 1973-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1981-இல் நம்மாழ்வார் பாசுரங்களுக்கு வந்தார். அந்நூலுக்கு ‘அமிழ்வோர்க்கான பாடல்கள்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். ஆழ்வார் என்பார் இறையனுபவத்தில் ஆழ்ந்தவர் அன்றோ? அந்தச் சொல்லின் வேரையே தலைப்பாக்கினார். திருமழிசையாழ்வார் அவதரித்த திருமழிசை நம் மாவட்டத்து ஊர். இன்று அங்கும் தொழிற்பேட்டை உண்டு. வீரராகவப் பெருமாள் பள்ளிகொண்ட திருவள்ளூர் ஆழ்வார்கள் பாடிய திருவெவ்வுள். பாசுரம் பிறந்த மண்ணில் நடந்துகொண்டே பாசுரம் அறியாதிருத்தல் நம்மால் இயலும்; பாசுரம் ஒலித்த வீட்டைவிட்டு எட்டாயிரம் மைலுக்கு அப்பாற் சென்று அதை மீட்டுக்கொள்ளுதலும் ஒருவரால் இயன்றது.

அவர் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுக் கதைத் தொகுதியில் தமிழ்க் கதை ஒன்று உண்டு. மக்களும் மருமக்களும் கொடுமை செய்ய, தன் துயரை ஒருவரிடமும் சொல்லாத ஏழைத் தாய் ஒருத்தி நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனாள். ஒருநாள் பாழடைந்த வீடொன்றில் நுழைந்து, அதன் சுவர்களிடம் ஒவ்வொரு குறையாகச் சொன்னாள். ஒரு குறை சொல்ல ஒரு சுவர் விழுந்தது. நான்கு சுவரும் விழுந்தபோது அவள் உடலும் மனமும் இலேசாயின. சொல்லாத சொல் உள்ளே பாரமாகும் என்பது இதன் கருத்து. இத்தகைய கதைகளை ஏட்டிலிருந்து அவர் எடுக்கவில்லை. அடுக்களையில் சோறூட்டும் நேரத்தில் பெண்கள் சொல்லும் கதைகளுக்கும் இலக்கியத்தில் இடமுண்டு என்று அறிஞர் அவையில் வாதாடினார்.

இராமாயணம் ஒன்றன்று, பல என்னும் கருத்தை விளக்கி அவர் எழுதிய கட்டுரை 1991-இல் வந்த தொகுப்பொன்றில் இடம்பெற்றது. அகலிகை வரலாற்றை வான்மீகி சொல்லும் முறையையும் கம்பர் சொல்லும் முறையையும் அதில் ஒப்பிட்டுக் காட்டினார். அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின் அக்கட்டுரையைச் சிலர் எதிர்த்தனர். 2011-இல் டில்லிப் பல்கலைக் கழகம் அதனைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிற்று. அறிஞர் பலர் அந்நீக்கத்தைக் கண்டித்தனர். அவருடைய மொழிபெயர்ப்பிலும் குறை கண்டார் உண்டு. பழம்பாடல்களை இக்காலத்து ஆங்கிலக் கவிதைபோல் ஆக்கிவிட்டார், மரபின் சொற்கள் சில மறைந்துவிட்டன என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எந்தப் பாலமும் ஆற்றின் ஒரு கரையை முழுதும் மற்றொரு கரைக்குக் கொண்டு சேர்ப்பதில்லை; ஆட்களைத்தான் சேர்க்கின்றது. மூலத்தை அறிய விரும்புவோர் மூலத்தையே நாட வேண்டும். அவ்விருப்பத்தைத் தூண்டியதே மொழிபெயர்ப்பின் வெற்றி.

1976-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது தந்தது. 1983-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மெக்ஆர்தர் நிதி அவருக்கு வழங்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13-ஆம் நாள், அறுவைச் சிகிச்சைக்காக அளித்த மயக்க மருந்து ஒவ்வாமையால் சிகாகோவில் உயிர் நீத்தார். அப்போது அவர் வயது 64. 1995-இல் வெளிவந்த அவருடைய முழுக் கவிதைத் தொகுதிக்கு 1999-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது.

அவர் அமெரிக்கக் கவிஞரா, இந்தியக் கவிஞரா? ‘இந்திய-அமெரிக்கர்’ என்று எழுதும்போது நடுவில் இடுகின்ற சிறு கோடே தாம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆங்கிலமும் மொழியியலும் தமக்குப் புற வடிவத்தைத் தந்தன என்றும், இளமையும் கன்னடமும் தமிழும் நாட்டுக் கதைகளும் அக வடிவத்தைத் தந்தன என்றும், எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியத் தம்மாலேயே இயலவில்லை என்றும் அவர் கூறியிருக்கின்றார். அகம், புறம் என்னும் இரு தமிழ்ச் சொற்கள் அவருடைய வாழ்க்கையையே அளக்கும் கோல்களாயின.

இப்போது மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். ஆங்கிலம் ஒன்று போதாதா? வேலைக்குப் போதும், மறுப்பேனல்லேன். இராமானுஜன் ஆங்கிலத்தைக் கசடறக் கற்றார். கற்றிராவிடில் சிகாகோ சென்றிரார். ஆனால் சிகாகோ அவரிடம் வேண்டியது சிகாகோவில் முன்பே இருந்த ஆங்கிலத்தையன்று. மைசூர் அடுப்பங்கரையில் இருந்த தமிழையும், மைசூர்த் தெருவில் இருந்த கன்னடத்தையும். புற மொழி அவருக்கு வாயிலைத் திறந்தது. அக மொழிதான் உள்ளே கொண்டுசெல்லப் பொருளைத் தந்தது. பொருளில்லாதவனுக்கு வாயில் திறந்திருந்து என்ன பயன்?

ஆதலால் உங்களுக்கு ஒரு பணியைப் பரிந்துரைக்கின்றேன். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் பாட்டி சொல்லும் பழமொழிகளையும் கதைகளையும் அவர் சொல்லும் மொழியிலேயே எழுதுங்கள். தமிழாயினும் தெலுங்காயினும் ஒடியாவாயினும் நாணாமல் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் நீங்கள் கற்ற மற்றொரு மொழியில் அதன் பொருளை எழுதுங்கள். பொருந்தாத சொல் வரும் இடத்தில் நின்று சிந்தியுங்கள். மொழிபெயர்ப்புக் கலை அங்கேதான் தொடங்குகின்றது. பழவேற்காட்டுக் கடற்கரை உங்களுக்கு நெய்தல். ஆரணியாற்று வயல் மருதம். சிப்காட் வளாகத்தின் புகைபோக்கிகளுக்கும், இரவுப் பணி முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கும் எந்தத் திணை உரியது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. வீட்டைப் பிரிந்து பொருள்வயிற் சென்றவன் அவன். அவன் ஊரில் ஒருத்தி காத்திருக்கின்றாள். அதனைப் பாட வேண்டியவர்கள் நீங்கள். உ. வே. சா. பதிப்பித்த குறுந்தொகையைத் தேடி நீங்கள் சிகாகோ செல்ல வேண்டுவதில்லை. காலை ரயிலேறிச் சென்னைக்குச் சென்றால், மாலைக்குள் படித்துவிட்டுத் திரும்பலாம்.